300 மி.மீ. லென்ஸும் திறந்த வயலும்: நீட்டுவதா, நெருங்குவதா?

திறந்த வயலில் மறைந்து நிற்க மரமும் இல்லை, புதரும் இல்லை. நாம் பறவையைக் காண்பதற்கு வெகு முன்பே அது நம்மைக் கண்டுவிடுகிறது. பறவையைப் படமெடுக்க 300 மி.மீ. லென்ஸ் மட்டுமே கையில் உள்ளவர் ஒன்று அதன் எட்டும் தூரத்தை நீட்ட வேண்டும், அல்லது பறவையை நெருங்க வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 18 செ.மீ. நீளமுள்ள ஒரு வாலாட்டி 20 மீட்டர் தொலைவில் பக்கவாட்டில் நிற்கும்போது, இந்த லென்ஸ் அதைச் சென்சாரில் 2.7 மி.மீ. அளவுக்கே பதிக்கிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் அது சுமார் 690 பிக்சல். அதிலும் கிட்டத்தட்டப் பாதி வாலுக்கே போய்விடும்.

நீட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு: லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தும் உருப்பெருக்கியான டெலிகன்வெர்ட்டர், எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டும் கிராப். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் எஃப்/4 லென்ஸை (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்) 420 மி.மீ. எஃப்/5.6 ஆக்கி, ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், ஷட்டர் வேகத்தைக் காக்க ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் எண்) இரட்டிப்பாக்க நேர்கிறது. அதே அளவுக்குக் கிராப் செய்தால் 12 மெகாபிக்சல் மிஞ்சும். ஆனால் படத்தோடு சேர்ந்து அதன் நாய்ஸும் (புள்ளிப் புள்ளியாகத் தெரியும் கரடு) பெரிதாவதால், அந்த வகையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கன்வெர்ட்டரால் கிடைப்பது கூடுதல் பிக்சல் மட்டுமே, அதுவும் லென்ஸின் கூர்மை தாங்கினால்தான். எனவே தரமான எஃப்/4 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸில் அதைப் பொருத்துவேன். நீட்டிய நிலையில் எஃப்/6.3 தரும் ஜூம் லென்ஸில் அது எஃப்/9 ஆகி ஃபோகஸ் தடுமாறும் என்பதால் கிராப்பையே தேர்வேன். 2 மடங்கு கன்வெர்ட்டரை இந்தப் போட்டியில் சேர்க்கவே எனக்கு மனமில்லை.

இரண்டுமே தீர்க்க முடியாத ஒரு சிக்கல் கானல். வெயிலில் மண் சூடேறிய பிறகு, இடையிலுள்ள காற்று நெளிந்து இறகின் இழைகளைக் குழைத்துவிடுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் குழைவும் கூடவே பெரிதாகும். மாறாக, 20 மீட்டரை 10 மீட்டராகக் குறைத்தால், அதே வாலாட்டி சுமார் 1,380 பிக்சலாகிறது. வெளிச்சம் சிறிதும் குறைவதில்லை, இடையிலுள்ள காற்றும் பாதியாகிறது. ஆகவே என் வாக்கு நெருங்குவதற்கே.

நெருங்கும் வழிகளில் நடந்து போவதே கடைசி. நேராக நடக்காமல், பறவையை உற்றுப் பார்க்காமல், சாய்வாக நகர்ந்து, கடைசிப் பகுதியைத் தவழ்ந்து கடந்தால் பறவையின் கண் மட்டத்தில் அழகான பின்புலம் கிடைப்பது உண்மைதான். ஆனால் இரை பொறுக்குவதை நிறுத்திக் கழுத்தை நீட்டிய பறவையை நோக்கி இன்னும் ஓர் அடி வைத்தால், முழங்கை தேய்ந்ததுதான் மிச்சம். காத்திருப்பது இதைவிட மேல்: நீர் கசியும் வரப்போரமோ புதிதாக உழுத மண்ணோ பார்த்து, விடியுமுன்பே சூரியன் முதுகுப்பக்கம் வருமாறு, மங்கிய நிற வலைக்குள் தாழ்வாக அமர்ந்துவிட்டால், தூரத்தைக் குறைக்கும் வேலையைப் பறவையே செய்கிறது. ஒன்றுமே வராமல் போகும் காலைகளும் உண்டு.

வயலோரம் வண்டித்தடம் இருந்தால், கார் இவை இரண்டையும் வெல்லும். மனித உருவத்தைக் கண்டு பறக்கும் பறவைகள் பல, காரைப் பொருட்படுத்துவதில்லை. என்ஜினை அணைத்து, தானியம் நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் கையதிர்வும் அடங்கும். உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுப்பதால் பின்புலம் வெறும் மண்ணாகிவிடுவதுதான் குறை.

கிராப் ஐயமின்றி வெல்லும் இடம் ஒன்று உண்டு. தரையில் கூடு வைக்கும் ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும். தொலைவிலிருந்து எடுத்ததைக் கிராப் செய்துகொள்ளலாம்.