சாடிக்குப் பின்னால் இருக்கும் சரக்கு: திருவான்மியூர் மளிகைக் கடை ஒன்று

வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோய் மளிகை வாங்கும் இந்தக் கடைக்கு ஓராண்டாகப் போய்வருகிறேன். காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்து, அந்த எடையைக் கழித்துவிட்டுத்தான் விலை போடுகிறார்கள். அதில் ஒருமுறைகூடத் தவறு கண்டதில்லை.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆனால் நம் கையிலுள்ள பை மாறினாலும், பொருள் கடைக்கு வந்து சேரும் வழியில் எத்தனை உறைகள் கிழிக்கப்படுகின்றன என்பது நம் கண்ணில் படுவதில்லை. இந்தக் கடையை நான் மதிப்பதற்குக் காரணம், அந்த வழியிலும் இவர்கள் அக்கறை காட்டுவதுதான். அரிசியும் பருப்பும் சணல் சாக்குகளில் இறங்குகின்றன. காலிச் சாக்குகள் அடுத்த முறை சரக்கு கொண்டுவரும் வண்டியிலேயே ஆலைக்குத் திரும்புகின்றன. செக்கு எண்ணெய் வரும் 15 கிலோ டின்களும் அப்படியே கழுவப்பட்டுத் திரும்பிப் போகின்றன. பூச்சிமருந்து போடாத தானியத்தில் வண்டு விழும் என்பதால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டுமே வாங்கி வைக்கிறார்கள். இதனால் உளுந்து தீர்ந்துபோய் நான் இருமுறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். மாவரைக்க நினைத்த நாளில் அது சங்கடம்தான் என்றாலும், கெட்டுப்போய்க் குப்பைக்குப் போவதைவிட இதுவே மேல் என்று கருதுகிறேன்.

எனக்குள்ள குறை முந்திரியிலும் பேரீச்சையிலும்தான். இவை தடித்த பிளாஸ்டிக் உறைகளில் வந்து, பின்கட்டில் பிரிக்கப்பட்டு, கண்ணாடிச் சாடிகளில் கொட்டப்படுவதை ஒருநாள் பார்த்தேன். கடற்காற்று வீசும் இந்தப் பகுதியில் முந்திரி எளிதில் நமுத்துப்போகும் என்பதால் அந்த உறைக்குத் தேவை இருக்கலாம். அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அரிசிச் சாடியில் விளைந்த ஊரையும் அறுவடை மாதத்தையும் எழுதி ஒட்டுகிறவர்கள், முந்திரிச் சாடியில் அது எந்த உறையில் வந்தது என்பதையும் எழுத வேண்டும். அவ்வாறு எழுதாதவரை, உறையே இல்லாமல் வாங்கியதாக வாடிக்கையாளர் நம்பிக்கொண்டு போவார். இதை உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், சாடிகளில் இன்னும் மாற்றமில்லை.

பக்கத்துக் கடைகளைவிட விலை சற்றுக் கூடுதல். ஆனால் ஐம்பது கிராம் சீரகம்கூட அளந்து வாங்க முடிவதால் என் மாதச் செலவு பெரிதாக ஏறவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் சரக்கு இறங்குகிறது. சனிக்கிழமை காலையில், ஈரமில்லாத பாத்திரங்களோடு போனால் எல்லாப் பருப்பும் கிடைக்கும்.