பத்து நாளாகியும் நிற்கவில்லையா: மெடிக்கலா, பி.எச்.சி.யா, பெரியாஸ்பத்திரியா?

பாலக்கோட்டில் இருக்கும் என் அண்ணிக்குப் போன வருஷம் பீரியட்ஸ் எட்டு நாள் தாண்டியும் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் தெருமுனை மெடிக்கலில் "நிக்கறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கி ஐந்து நாள் போட்டார், நின்றது. மாத்திரையை விட்ட மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாகக் கட்டி கட்டியாகப் போக ஆரம்பித்தது. அன்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது: அத்தை வெந்தயம் என்றார், அண்ணன் சேலத்தில் பிரைவேட் என்றார், பக்கத்து வீட்டு அக்கா பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) என்றார். அந்த வழிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. பாதிப் பேர் தப்பாக எண்ணிப் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் எண்ணுவதே இல்லை. தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. உதிரம் பட்ட முதல் நாளிலிருந்து அடுத்த தடவை படும் முதல் நாள் வரை எண்ண வேண்டும். மார்ச் 12 வந்து ஏப்ரல் 6 வந்தால் 25 நாள், அதில் பதற ஒன்றுமில்லை. 1ஆம் தேதி வந்து 29ஆம் தேதி மறுபடி வந்தால் "ஒரே மாசத்துல ரெண்டு தடவை" என்கிறார்கள், அது சுத்தமாக 28 நாள்! பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பு, வயசுக்கு வந்து ஓரிரு வருஷமே ஆன பிள்ளைகளுக்கு 45 நாள்கூட ஆகலாம். உதிரப்போக்கு 2 முதல் 7 நாள். ஒரு தடவைக்கு மொத்தமாகப் போவதே சுமார் 30, 40 மில்லிதான், 80ஐத் தாண்டினால் அதிகம் என்பது டாக்டர்கள் கணக்கு. வீட்டில் யாரும் அளக்கப் போவதில்லை, அதனால் நாப்கினை எண்ணுங்கள், துணி வைப்பவர்கள் எத்தனை தடவை மாற்றினோம் என்று எண்ணுங்கள்.

வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பது எப்போது சரி என்றால், ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் மாறியதாலோ பரீட்சையாலோ ஒரு மாதம் நாலைந்து நாள் தள்ளிப்போனால். கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டென்றால் முதலில் கார்டு டெஸ்ட், அப்புறம்தான் மற்றது. வெந்தயம், வாழைப்பூ, நம்ம ஊர் கேழ்வரகுக் களி எல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் பெரும்பாட்டை, அதாவது அளவுக்கு மீறிய உதிரப்போக்கை, நிறுத்தும் மருந்து அல்ல. அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை.

மெடிக்கல்தான் கிட்டத்தில் இருக்கிறது, சீட்டு எடுக்க வேண்டாம், வெட்கப்படும் நேரமும் குறைவு. வயிற்று வலிக்குச் சாப்பிட்ட பிறகு போடும் ஒரு மெஃபனமிக் அமில மாத்திரை வரை அது போதும், அல்சர் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். உதிரத்தை நிறுத்தும் மாத்திரைக்கு மட்டும் அங்கே போகாதீர்கள் என்பேன். அண்ணிக்குக் கொடுத்தது நோரெதிஸ்டிரோன், கோயில் பண்டிகைக்குத் தேதியைத் தள்ளிப்போடப் பெண்கள் வாங்குகிறார்களே, அதேதான். கர்ப்பப்பையின் உள்சவ்வை உதிராமல் அது பிடித்து வைக்கிறது. விட்ட இரண்டு மூன்று நாளில் பிடித்து வைத்ததெல்லாம் இறங்கிவிடும். ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கும். காலில் ரத்தம் உறைந்த பழைய கதை உள்ளவர்கள் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து.

பி.எச்.சி.யை நாம் தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் மட்டும் என்று நினைத்துவிட்டோம். என் ஓட்டு முதலில் அதற்குத்தான். விரலில் ஒரு குத்து, ஹீமோகுளோபின் தெரிந்துவிடும். 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை இலவசம், டீயோடு சேர்த்து விழுங்கினால்தான் பாதி வீண். காப்பர் டி போட்ட முதல் சில மாதங்கள் அதிகமாகப் போவதும், அந்தரா என்ற கருத்தடை ஊசிக்குப் பிறகு தேதி தாறுமாறாவதும் அங்கே இருக்கும் சிஸ்டருக்குத் தினசரி கேட்கும் கதை, சட்டென்று பிடித்துவிடுவார். குறை என்னவென்றால் எல்லா இடத்திலும் ஸ்கேன் கிடையாது.

ஸ்கேனுக்குப் பெரியாஸ்பத்திரிதான். தர்மபுரியில் மருத்துவக் கல்லூரி 2008இல் வந்தது, கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளியில் 2022இல். தைராய்டு, ஸ்கேன், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில். ஆனால் ஒரு நாள் கூலி போகும். ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, முன்னால் இருக்கும் இருபது பேரை எண்ணியபடி, பாத்ரூம் பக்கம் திரும்பாமல் காலைப் பின்னிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வரிசையின் நீளம் தெரியும். பிரைவேட்டில் இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடியும், காசு போகும். எங்கே போனாலும் "குழந்தை பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று முதல் நாளே சொன்னால், மாத்திரை கொடுத்தோ கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் கருவி வைத்தோ பார்க்க முடியாதா என்று கேளுங்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஏழெட்டு நாளுக்கு மேல் போக்கு, மூன்று மாதம் வராமலே இருப்பது, நடுவிலோ உறவுக்குப் பிறகோ படுவது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி, 15 வயதாகியும் வயசுக்கு வராதது, இதில் எது இருந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஆரம்பத்திலிருந்தே அதிகமாகப் போய், ஈறிலும் மூக்கிலும்கூட ரத்தம் வருகிறதென்றால் ரத்தம் உறைவதிலேயே கோளாறு இருக்கலாம். வயதாகி மாதவிடாய் அடியோடு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் நேராகப் பெரியாஸ்பத்திரி. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரம் ஓடினாலோ, மயக்கம் வந்தாலோ, தேதி தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாகப் பிடுங்கினாலோ எந்த ஒப்பீடும் வேண்டாம், 108.

அண்ணிக்கு பி.எச்.சி.யில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது, தர்மபுரிக்கு அனுப்பினார்கள், ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி (ஃபைப்ராய்டு). டாக்டர் முதலில் கேட்டது கடைசித் தேதி, அடுத்துக் கேட்டது அந்த மாத்திரை அட்டை. இரண்டும் அண்ணியிடம் இல்லை. இப்போது சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் வட்டம் போடுகிறார். அண்ணன் அதை சிலிண்டர் வந்த தேதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.