60 மெகாஹெர்ட்ஸ் என்று நம்பி வாங்கினேன்: வேவ்ஃபார்ம் ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

ரிப்பேர் வேலைக்கு ஆர்பிட்ரரி வேவ்ஃபார்ம் ஜெனரேட்டர் (வேண்டிய வடிவத்தில் மின் அலை தரும் சோதனைக் கருவி) வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

விளம்பரத்திலும் கருவியின் முகப்பிலும் கொட்டை எழுத்தில் 60 மெகாஹெர்ட்ஸ். ஒரு டிஜிட்டல் போர்டுக்கு 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் (போர்டுக்குத் தாளம் போடும் துடிப்பு) கொடுத்துப் பார்க்கத்தான் வாங்கினேன். கிளாக்குக்கு வேண்டிய ஸ்கொயர் வேவ் (சதுர அலை) வைத்தால் 15-க்கு மேல் ஏறவே இல்லை. விற்றவரைக் கேட்டால், "60 சைனுக்கு மட்டும்தான், கையேட்டில் போட்டிருக்கே" என்கிறார். (சைன் என்றால் வழவழப்பாக வளைந்து போகும் அலை.) போட்டுத்தான் இருந்தது, பின்பக்க அட்டவணையில் பொடி எழுத்தில். நாமே வரைந்து ஏற்றும் (ஆர்பிட்ரரி) அலைக்கு வெறும் 6. பெட்டியைப் பிரித்தாயிற்று, திருப்பி எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

சரி, குறைந்த வேகத்திலாவது பயன்படுத்தலாம் என்று 9.9 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அலையின் விளிம்பு நடுங்கியது. போர்டில்தான் கோளாறு என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் ஜெனரேட்டரை நேராக ஸ்கோப்பில் மாட்டினால் அப்போதும் அதே நடுக்கம், 5 நானோ செகண்ட். கருவி ஓடுவது நொடிக்கு 20 கோடி சாம்பிளில், அதாவது அலையை அத்தனை புள்ளிகளாக வரைகிறது. ஒரு சாம்பிளின் அகலமே 5 நானோ செகண்ட். ஒரு சுற்றுக்கு முழு எண்ணிக்கையில் சாம்பிள் அமையாவிட்டால் விளிம்பு ஒரு சாம்பிள் முன்னே பின்னே விழுகிறது. 10 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக 20 சாம்பிள், அதனால் அசையாமல் நிற்கிறது. நல்ல போர்டைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது எர்த். பிளக்கில் இரண்டே முள், எர்த் முள் இல்லை. உள்ளே ஸ்விட்ச்சிங் சப்ளை (மெயின்ஸைக் குறைந்த வோல்டேஜாக மாற்றும் பகுதி). அதன் மெயின்ஸ் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இணைக்கிறது, அது வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும். சிக்னல் வெளிவரும் பிஎன்சி சாக்கெட்டின் உலோகத்துக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன்: மெயின்ஸ் வோல்டேஜில் கிட்டத்தட்ட பாதி காட்டியது! கரண்ட் மிகக் குறைவு, விரல் பட்டால் லேசாகச் சுருக்கென்னும், அவ்வளவுதான். ஆனால் என் போர்டு ஸ்கோப் வழியாக எர்த்தில் இருந்தது. ஜெனரேட்டரின் கிரவுண்ட் கிளிப்பை (பிஎன்சியின் உலோகத்தோடு சேர்ந்த வயர்) மாட்டும் முன் சிக்னல் முனை பட்டதும் அந்தக் கசிவு முழுவதும் ஐசியின் (போர்டில் உள்ள சிப்பின்) இன்புட் வழியாகப் பாய்ந்தது. இரண்டு சிமாஸ் வகை ஐசி போய்விட்டன. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த போர்டு அது. மாற்றிக் கொடுத்தேன், செலவு என்னுடையது.

வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஸ்கொயருக்கு எவ்வளவு, ஆர்பிட்ரரிக்கு எவ்வளவு, உச்ச அதிர்வெண்ணில் எத்தனை வோல்ட் கிடைக்கும், அந்த வோல்ட் வெளியீட்டில் 50 ஓம் ரெசிஸ்டரை லோடாகப் போட்டா போடாமலா (லோடு போட்டால் பாதியாகிவிடும்), பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறதா, இருந்தால் அது பிஎன்சி வரை போகிறதா. கைக்கு வந்ததும் முதல் வேலையாக பிஎன்சிக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வையுங்கள். என்னுடையது இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. கிரவுண்ட் கிளிப்பை மாட்டாமல் அதன் சிக்னல் வயரை நான் எடுப்பதில்லை.