போட்டிச் சுடும் விளையாட்டுகளில் ரைசன் 7 7800எக்ஸ்3டி

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலோரன்ட் போன்றவற்றைப் போட்டி மனப்பான்மையோடு ஆடுபவர்களில் பெரும்பாலோர் 1080பி அல்லது அதற்கும் குறைந்த திரைத்தெளிவிலும் குறைந்த கிராபிக்ஸ் அமைப்பிலும்தான் ஆடுகிறார்கள். அந்நிலையில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு தன் வேலையை விரைவாக முடித்துவிட்டு, பிராசசரின் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். ஏஎம்டி 2023 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி என்ற பிராசசர் கவனத்துக்குரியதாவது இந்த இடத்தில்தான்.

நொடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது ஒவ்வொரு படமும், ஏறத்தாழ 4.2 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். ஆட்டக்காரர்களின் இருப்பிடம், குண்டு பட்டதா இல்லையா என்ற கணக்கு, சர்வரிலிருந்து வந்த தகவல் ஆகிய அனைத்தையும் பிராசசர் அதற்குள் முடித்தாக வேண்டும். தேவையான தரவு, பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகமான கேஷில் இல்லாமல் ரேமிலிருந்து வர நேர்ந்தால், அந்தக் காத்திருப்பிலேயே நேரம் கரைந்துவிடும். இதைக் குறைப்பதற்காகவே இதில் 32 மெகாபைட் எல்3 கேஷின் மேல் இன்னொரு 64 மெகாபைட்டை அடுக்கியிருக்கிறார்கள். அதே எட்டு கோர்கள் கொண்ட, ஆனால் இந்தக் கூடுதல் கேஷ் இல்லாத ஏஎம்டியின் 7700எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை செல்ல, இது 5.0 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. இருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் முந்துவது இதுதான்.

சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்கள் என்ற கணக்கை) மட்டும் பார்த்து இதை எடைபோடுவது சரியாகாது. ஆளில்லாத மூலையில் 400 எஃப்பிஎஸ் காட்டும் கணினி, புகைக்குண்டுகள் வெடித்துப் பத்துப் பேரும் ஒரே இடத்தில் சுடும் நொடியில் எவ்வளவு சரிகிறது என்பதே கேள்வி. மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களைக் கொண்டு கணக்கிடும், ‘1% லோ’ எனப்படும் அந்த அடிமட்ட அளவை உயர்த்திப் பிடிப்பதே இந்தப் பிராசசரின் உண்மையான பலம். குறிபார்க்கும் கணத்தில் திரை திக்காமல் இருப்பது, சராசரியில் கூடும் ஐம்பது ஃப்ரேம்களைவிட மதிப்புள்ளது என்பது என் கருத்து.

ரேமைப் பொறுத்தவரை டிடிஆர்5-6000 போதுமானது. ஆனால் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை இயக்காவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடும். ஒற்றை ரேம் போடுவதைத் தவிர்த்து இரண்டாகப் போடுவது நல்லது. பயாஸைப் புதுப்பிப்பதும் அவசியம்: வெளியான புதிதில் மின்னழுத்தம் மிகுந்து சில பிராசசர்கள் சேதமடைந்த பின், எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு (பிராசசரில் நினைவகக் கட்டுப்பாடு போன்ற பகுதிகளுக்குச் செல்லும் மின்னழுத்தத்துக்கு) 1.3 வோல்ட் என்ற வரம்பை ஏஎம்டி கொண்டுவந்தது.

குறைகளும் உண்டு. மேலே அமர்ந்த கேஷ் வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் வெப்ப வரம்பு 89 டிகிரியாகக் குறைக்கப்பட்டுள்ளது; வேகத்தை நாமே கூட்ட உதவும் மல்டிபிளையரும் பூட்டப்பட்டுள்ளது. ஆனால் விளையாட்டில் மின்சாரத்தைச் சிக்கனமாகவே செலவிடுவதால் நல்ல ஏர் கூலர் ஒன்றே போதும். வீடியோ ரெண்டரிங்கே முதன்மை வேலை என்பவருக்கு இது பொருத்தமன்று. கூடுதல் கேஷ் அங்கே பெரிதாக உதவாது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருந்து, இப்போதைய பிராசசரே நெருக்கடியான கட்டங்களிலும் அந்த அளவுக்குக் கீழே இறங்காமல் இருந்தால், இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை; முதலில் மானிட்டரை மாற்றலாம். 4கே அளவில் உயர்ந்த அமைப்புகளோடு ஆடுபவருக்கும் அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டில்தான் பயன் தரும். 2024 நவம்பரில் இதன் அடுத்த தலைமுறையாக வந்த 9800எக்ஸ்3டியில் கேஷ் கோர்களுக்கு அடியில் மாற்றப்பட்டு, வேகமும் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்துள்ளது. புதிதாகக் கணினி அமைப்பவர் அதையும் பரிசீலிக்கலாம்; 7800எக்ஸ்3டியை ஏற்கெனவே வைத்திருந்து 240 ஹெர்ட்ஸில் ஆடுபவர் மாறுவதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை.