மண்டபம் கரையில் ரெட்கேட் 51

வானத்தைப் படம் பிடிக்கவென்றே செய்த சின்னத் தொலைநோக்கி இந்த ரெட்கேட் 51. விட்டம் 51 மி.மீ., குவியத் தூரம் 250 மி.மீ. உள்ளேயே கூடுதல் லென்ஸ்கள் கொண்ட பெட்ஸ்வால் அமைப்பு என்பதால், படத்தின் ஓரம்வரை நட்சத்திரங்களைக் கூர்மையாக்கும் தனி லென்ஸ் (ஃப்ளாட்னர்) வேண்டாம். ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் சுமார் 5.4 × 3.6 பாகை வானம் அடங்கும். மூடியிலேயே பாட்டினோவ் மாஸ்க் (குவியம் சரிபார்க்கும் கோடு வெட்டிய தட்டு) இருப்பது அருமை: அது நட்சத்திரத்தின் மேல் மூன்று ஒளிக்கோடுகளைக் காட்டும்; நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வரும்வரை குவிய வளையத்தைத் திருகிப் பூட்டுங்கள். இரவு குளிரக் குளிரக் குவியம் நகரும், மணிக்கொருமுறை பாருங்கள்.

நம் கரையில் துருவ நட்சத்திரம் 9 பாகை உயரத்தில்தான். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் மங்கல் கட்டினால் கண்ணிலேயே படாது. வானம் சுழல்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் ட்ராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி அவ்வளவு தாழ்த்தும்போது எதிர் எடை முக்காலிக் காலில் இடிக்கும். முக்காலிக்கும் ட்ராக்கருக்கும் நடுவில் நீட்டிப்புக் குழாய் கட்டாயம் போடுங்கள். ஆனால் தெற்கே மன்னார் வளைகுடா இருட்டில் ஒமேகா சென்டாரி என்ற பெரிய நட்சத்திரக் கொத்து 33 பாகை ஏறி வருகிறது! ஏப்ரல், மே இரவுகளில் விடவே கூடாது.

எதிரி உப்புதான். பனி படியாமல் லென்ஸைச் சூடாக வைக்கும் 12 வோல்ட் ஹீட்டர் பட்டையைத் தொடக்கத்திலேயே போடுங்கள். பனி படிந்தால் உப்பும் கண்ணாடியில் ஒட்டும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்து, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணி, அழுத்தாமல். குழாயின் வெளிப்புறத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து வையுங்கள்.