ஸ்பானியப் பிழைதிருத்தி: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

ஹூஸ்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கும் தோழி போன வாரம் போன் செய்தாள். "அக்கா, உங்க காலேஜ்ல ஸ்பானிஷ் பசங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கீங்களே, அது பாதி விலைக்கு வந்திருக்கு. எங்க பள்ளிக்கு வாங்கலாமா?" பத்து நிமிடம் விடாமல் அதைத் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ வேண்டாம்னு சொல்றீங்க?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. சரி, எழுதிப் பார்த்தாலாவது தெளிவு வருகிறதா பார்ப்போம்.

என்னென்ன வசதி உண்டு என்பதெல்லாம் விற்பவர்களே போட்டிருக்கிறார்கள். நான் தினமும் தொடுவது இரண்டைத்தான்: தப்பான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடும் பிழைதிருத்தி, எழுதியதை உரக்க வாசித்துக் காட்டும் பொத்தான்.

யாருக்காகப் பயன்படுத்துகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும், எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. டெக்சஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராந்தே ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லூரி. வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்பானியத்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அம்மாவோடு சண்டை போடுவது, சாமி கும்பிடுவது, தம்பியை மிரட்டுவது எல்லாம் அவர்களுக்கு ஸ்பானியத்தில். எழுதப் படிக்கக் கற்றது மட்டும் முழுக்க முழுக்க ஆங்கிலத்தில். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானியம் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல், அதனால் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஊரெங்கும் இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு நேர் எதிர். ஸ்பானியத்தைப் புத்தகத்தில் படித்தவள். எந்த எழுத்தின் தலையில் கோடு வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சந்தையில் எப்படிக் கத்துவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தலைக்கோட்டுக்கு ஸ்பானியத்தில் 'தில்தே' என்று பெயர். சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதற்கான அடையாளம் அது. கடைசி அசையில் அழுத்தம் விழுந்து, சொல் உயிரெழுத்திலோ என், எஸ் எழுத்துகளிலோ முடிந்தால் கோடு போட வேண்டும். ஒரு கோடு விட்டுப்போனால் ஆளே மாறிவிடும். 'ஆப்லொ' என்றால் நான் பேசுகிறேன். 'அப்லோ' என்றால் அவர் பேசினார். எழுத்துக் கூட்டல் ஒன்றேதான், வித்தியாசம் கடைசி எழுத்தின் மேல் ஒரு கோடு.

மூன்றாவது பருவத்தில் என்று நினைக்கிறேன், ஒரு பையன் அப்பாவைப் பற்றி எழுதினான். இந்தப் பக்கம் பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு பழம் விளையும், உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். அந்தத் தோப்பில் பழம் பறிப்பவர் அப்பா. முதல் வாக்கியம்: 'மி பாப்ப த்ரபாஹொ பெய்ந்தே ஆனோஸ்.' அவன் சொல்ல வந்தது: என் அப்பா 20 வருடம் வேலை செய்தார். அப்பா என்றால் 'பப்பா', கடைசியில் கோடு உண்டு. கோடு இல்லாத 'பாப்ப' உருளைக்கிழங்கு. வேலை செய்தார் என்றால் 'த்ரபஹோ', அதற்கும் கோடு. கோடு இல்லாவிட்டால் நான் வேலை செய்கிறேன் என்றாகும். வருடங்களுக்கு 'ஆன்யோஸ்', நடுவில் இருக்கும் எழுத்தின் மேல் ஒரு சுழி வேண்டும். சுழியை விட்டால் அது உட்காரும் இடத்தில் இருக்கும் துவாரம். ஆக அவன் எழுதியது: என் உருளைக்கிழங்கு நான் வேலை செய்கிறேன் இருபது ஆசனவாய்கள்.

பிழைதிருத்தி போட்ட சிவப்புக் கோடுகள்: பூஜ்யம்.

ஏனென்றால் அத்தனையும் அகராதியில் உள்ள சொற்கள். அடுத்த வாக்கியத்தில் பையன், அப்பா தன் 'த்ரோகா'வில் விடியுமுன் கிளம்புவார் என்று அழகாக எழுதியிருந்தான். த்ரோகா என்றால் எங்கள் பக்கத்துப் பிக்கப் வண்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொல். அதற்கு அடியில் பளிச்சென்று சிவப்பு. ஆறு வருடமாக என் தீராத கோபம் இந்த ஒன்றின் மேல்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த சொல்லுக்கெல்லாம் சிவப்பு, உண்மையான தப்புக்கு மௌனம்.

வெறும் கோடுதானே என்று நினைக்கலாம். இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி காலத்தில் டெக்சஸ் பள்ளிகளில் ஸ்பானியம் பேசினால் அடி விழும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். என் ஸ்பானியம் மட்டமான ஸ்பானியம் என்று பாதிப் பேர் முதல் நாளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் பாட்டியின் சொல்லைத் திரை சிவப்பாக அடிக்கோடிட்டால், அடுத்த பத்தியில் அந்தச் சொல் வராது. அதற்கடுத்து பாட்டியே வரமாட்டாள். 'கொண்டுவந்தேன்' என்பதற்கு ஒரு பெண் 'த்ரூஹே' என்று எழுதினாள், இன்றைய புத்தக வழக்கில் 'த்ராஹே'. சிவப்பு. அவள் வெட்கத்தோடு அழிக்கப் போனாள். 400 வருடத்துக்கு முன் ஸ்பானியத்தின் பெரிய எழுத்தாளர் செர்வாந்தெஸ் எழுதிய ஸ்பானியத்தில் அந்த வினையின் இந்த வடிவம் சர்வ சாதாரணம், மலைக்கிராமத்தில் பத்திரமாக இருந்து உன் வீடு வரை வந்திருக்கிறது என்று சொன்னேன். இன்றைய கட்டுரைக்கு மாற்றத்தான் வேண்டும், மாற்றினோம். ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினோம்.

சரி, கடுமையான வாத்தியார் என்று வைத்துக்கொண்டால் எல்லோரிடமும் கடுமையாக இருக்க வேண்டுமில்லையா? 'இருக்கக்கூடிய' என்கிற பொருளில் 'ஐகா' என்று ஒரு வினைவடிவம் உண்டு. பேச்சில் சரளமாக வரும், கல்லூரிக் கட்டுரையில் வந்தால் வாசிப்பவர் முகம் சுளிப்பார். 'ஆயா' என்று எழுத வேண்டும். இதையாவது காட்டிக்கொடுக்குமா என்று பார்த்தேன். கம்மென்று விட்டுவிட்டது. காரணம் தேடிப் போனால், ஸ்பெயினில் பகட்டான பெரிய காருக்குக் கேலியாக ஐகா என்று பெயராம், அகராதியில் பெயர்ச்சொல்லாக ஏறியிருக்கிறது. புதுப்பணக்காரர் ஒருவர் கடையில் போய், இருப்பதிலேயே பெரிய காராகக் கொடு என்று இந்தக் கொச்சை வடிவத்தில் கேட்டாராம், அதிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். காருக்குக் கிடைத்த மரியாதை த்ரோகாவுக்குக் கிடைக்கவில்லை!

ஆங்கிலத்திலிருந்து நழுவி வந்த சொற்களும் இதன் கண்ணில் படாது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதை 'அப்லிகார்' என்று எழுதுவார்கள், வகுப்புக்கு வருவதை 'அதெந்தேர்' என்பார்கள். பொது ஸ்பானியத்தில் முதலாவது தடவுவது, பொருத்துவது. இரண்டாவது கவனித்துக்கொள்வது. இதை மட்டும் முழுதாகத் தப்பென்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் இந்த ஊரே அப்படித்தான் பேசுகிறது. ஸ்பானிய மொழிக்கு அகராதியும் எழுத்து விதியும் வகுக்கும், மத்ரிதில் இருக்கும் ஸ்பானிய அகாதெமியே 2014இல் வந்த 23ஆம் பதிப்பு அகராதியில், ஐக்கிய அமெரிக்காவுக்கே உரிய வழக்கு என்று சில சொற்களுக்குத் தனிக் குறி போட ஆரம்பித்துவிட்டது. இன்னொரு சட்டை தருகிறேன், நேர்காணலுக்குப் போகும்போது போட்டுக்கொள், பழைய சட்டையைக் கிழிக்காதே என்றுதான் வகுப்பில் சொல்கிறேன்.

இப்போது இரண்டாவது பொத்தான்.

உரக்க வாசிக்கும் வசதியை முதல் வருடம் நான் தொடவே இல்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது என்று ஒதுக்கிவிட்டேன். அந்தப் பையனின் வாக்கியத்தை எப்படித் திருத்துவது என்று தெரியாமல்தான் ஒரு நாள் அழுத்தினேன். விதியை நான்கு முறை விளக்கியாயிற்று. சொல்லைத் தெருமுனையில் போகிறவனைக் கூப்பிடுவது மாதிரி நீட்டிக் கூப்பிட்டுப் பார், எந்த அசை நீள்கிறதோ அங்கேதான் அழுத்தம் என்று வித்தையெல்லாம் காட்டியாயிற்று. தலையாட்டுவான், கோடு வராது. ஹெட்போனை மாட்டிவிட்டு அழுத்தினேன். அந்தக் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல், எழுதியதை எழுதியபடியே படித்தது: மி பாப்ப. பையன் நிமிர்ந்தான். மறுபடி அழுத்தினான். ஆனோஸ் வந்தபோது மேஜையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் மூன்று இடத்திலும் போய்ச் சரி செய்தான். நான் எதையும் தொட்டுக் காட்டவில்லை.

இந்தப் பிள்ளைகளின் சொத்தே காதுதான். ஒரு மனிதர் வாசித்தால் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே சரியாக வாசித்துவிடுவார். அவர்களே வாசித்தாலும் அப்படித்தான், இல்லாத கோட்டையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். இயந்திரத்துக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அதனால்தான் அது உதவுகிறது. அன்றிலிருந்து எந்தக் கட்டுரையும் ஒரு முறை காதால் கேட்காமல் என்னிடம் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். முன்பு ஒரு பக்கத்துக்கு இருபது கோடு நான் போடுவேன், இப்போது நாலைந்தோடு நிற்கிறது. இதற்காக அந்தக் கம்பெனிக்குக் கோயில் கட்டலாம் என்று சொன்ன நாட்கள் உண்டு.

அந்தக் கோயிலை இடிக்கும் வேலையையும் அவர்களே செய்வார்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் குரல் மாறிவிடும். நான் மெக்சிகோக் குரலை வைத்திருப்பேன், காலையில் வந்து பார்த்தால் ஸ்பெயின் குரல் உட்கார்ந்திருக்கும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில எழுத்துகளை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து 'த' மாதிரி உச்சரிப்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் எல்லாம் 'ஸ'தான். ஒரு திங்கட்கிழமை 22 கணினியிலும் இந்தக் கூத்து. நான் சபித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வருகிறேன், கடைசி வரிசைப் பெண், "மாத்தாதீங்க டீச்சர், இருங்க" என்றாள். 'ஒவ்வொரு தடவையும்' என்பதற்கு அவள் எப்போதும் 'நீ பார்க்கிறாய்' என்று பொருள்படும் சொல்லை எழுதுவாள். மெக்சிகோக் குரலில் இரண்டும் 'பெஸ்'. ஸ்பெயின் குரலில் ஒன்று 'பெத்', ஒன்று 'பெஸ்'. 'பெத்' வர வேண்டிய இடத்தில் 'பெஸ்' வந்ததும் அவளுக்குப் பொறி தட்டியிருக்கிறது. கம்பெனியின் அலட்சியம் எனக்கு ஒரு பாடத்திட்டத்தையே கொடுத்தது. இப்போது முதல் வாசிப்பு மெக்சிகோ, இரண்டாவது ஸ்பெயின். இதற்கு நன்றி சொல்வதா, அந்த 22 கணினிக்குத் திட்டுவதா?

காதுக்கும் எட்டாத பிழைகள் உண்டு. ஸ்பானியத்தில் பி, வி இரண்டுக்கும் ஒரே ஓசை, எச் ஊமை. 'தூபோ' என்றால் 'அவளுக்கு இருந்தது', வேறு எழுத்தில் எழுதினால் 'குழாய்'. என் பாட்டி ஏழு குழந்தைகள் குழாய் என்று வருடத்துக்கு மூன்று பேராவது எழுதுகிறார்கள். எந்தக் குரலில் கேட்டாலும் ஒன்றுதான், சிவப்புக் கோடும் வராது. நம் ஊரில் பள்ளிக்குப் போனேன் என்பதைப் பல்லிக்குப் போனேன் என்று எழுதுகிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாத்தியார்தான் வேண்டும், சம்பளத்துக்கு அதாவது மிச்சம் இருக்கிறதே.

இன்னும் இரண்டு குறை, சுருக்கமாக. நடுவில் ஆங்கிலப் பெயர் ஒன்று வந்தால் போதும், பத்தி முழுக்க ஆங்கிலம் என்று முடிவு கட்டிக்கொண்டு எல்லாச் சொல்லுக்கும் சிவப்படிக்கும். அப்புறம் 'மட்டும்' என்று பொருள்படும் 'சோலோ'. அதற்குத் தலைக்கோடு தேவையில்லை என்று அகாதெமி 2010இல் சொன்னது, எழுத்தாளர்கள் பலர் கேட்கவே இல்லை. 2023இல், பொருள் குழம்பும் என்று எழுதுகிறவருக்குத் தோன்றினால் போட்டுக்கொள்ளலாம் என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினி கோடு போட்டால் திட்டுகிறது, பக்கத்துக் கணினி ஒன்றும் சொல்வதில்லை. அகாதெமிக்குள் நடக்கிற சண்டை அப்படியே இரண்டு மேஜைக்கு இடையில் நடக்கிறது.

தோழிக்கு என்ன சொல்வது? வாசிக்கும் குரல் ஒன்றுக்காகவே 5க்கு 5 கொடுக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை ஒரு புதுப் பையன், சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் த்ரோகாவை அழித்து, எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு நீளச் சொல்லைப் போட்டு வைத்திருந்தான், 'மோட்டார் பொருத்திய சரக்கு வாகனம்' என்பது மாதிரி. அதனால் 5க்கு 2. வாங்காதே.

கல்லூரியில் சந்தாவைப் புதுப்பிக்கும் படிவம் வந்திருக்கிறது. 'தொடரலாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு இரவு அப்டேட் என்று மின்னஞ்சலும் வந்திருக்கிறது, திங்கட்கிழமை அரை மணி நேரம் முன்னால் போக வேண்டும்.