ஏழு கூப், நான்கு எலக்ட்ரோடு

சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, உங்களிடம் இருக்கும் அதே பிஎச் மீட்டர் விலை இறங்கியிருக்கிறது. வாங்கிவிடட்டுமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் மீட்டரின் நான்காவது எலக்ட்ரோடை, அதாவது சாற்றில் முக்கி அளக்கும் குச்சியை, அமிலத்தில் ஊறப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மொரீஷியஸில் ஒரு சர்க்கரை ஆலை லேபில் இருக்கிறேன். இந்த மீட்டர் ஏழு கூப், அதாவது ஏழு கரும்பு அரவைப் பருவம், பார்த்துவிட்டது. கரும்புச் சாறு வரும்போது பிஎச் 5.3 பக்கம் இருக்கும். சுண்ணாம்புப் பால் விட்டு அதை 7-க்கு மேல் ஏற்றித் தெளிய வைக்கிறோம். குறைந்தால் சூட்டில் சர்க்கரை உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிவிடும். கூடினால் சாறு கறுக்கும், ஆவியாக்கிக் குழாய்களில் படிவு ஏறும். அதனால் ஷிப்டு முழுக்க இதன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

மீட்டரைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தது, ஒருமுறை மேலே சாறு கொட்டியது, இன்றுவரை ஒரு பட்டன்கூடப் பழுதாகவில்லை. என் கோபமெல்லாம் எலக்ட்ரோடின் நுனியில் மாட்டும் அந்தச் சின்ன மூடியின் மேல்தான். அதற்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிற்க வேண்டும், கண்ணாடிக் குமிழ் ஈரமாகவே இருக்க வேண்டும். இந்த மூடியில் நிற்பதில்லை. நான்கே நாளில் கழுத்தைச் சுற்றி வெள்ளை உப்புப் பூத்துவிடும், உள்ளே காய்ந்துவிடும்.

கூப் நடக்கும்போது தினமும் கை படுவதால் சமாளிக்கலாம். டிசம்பரில் அரவை நின்றால் ஜூன் வரை யார் பார்ப்பது? இந்த வருடம் ஜனவரியில் ஒருமுறை ஊற்றினேன். காவடிக்கு விரதம், லீவு, அப்புறம் புயல் எச்சரிக்கை, அப்படியே போய்விட்டது. திரும்பி வந்து, பிஎச் 7, 10 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்துப் பார்த்தால் ஸ்லோப் 84 சதவீதம். பிஎச் மாறும்போது எலக்ட்ரோடின் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் ஸ்லோப். 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட் வந்தால் அது 100. 95-க்குக் கீழே போனால் நான் அந்த எண்ணை எழுத மாட்டேன்.

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை மணி நேரம் வைத்தேன். சுண்ணாம்புப் படிவு அதில் கரையும். கழுவி, உள்ளே இருந்த பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக நிரப்பி, இரவு முழுக்கப் பொட்டாசியம் குளோரைடில் நிறுத்தினேன். காலையில் 96. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் உண்மையானது. இரவில் காய விட்டிருந்தால் இது நடந்திருக்காது. காய்ச்சி வடித்த நீரில் வைப்பதும் தப்புதான், குமிழையும் உள்ளே இருக்கும் உப்பையும் அது கெடுத்துவிடும். டிஷ்யூவால் தேய்க்கவும் கூடாது, ஒற்றி எடுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது கூப்பில் நான் 7.0 என்று எழுத, சுண்ணாம்புத் தொட்டி பார்க்கும் பெரியவர் சாற்றின் நிறத்தைப் பார்த்தே "கூடிப்போச்சு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், திரவம் நிரப்பும் ஓட்டையின் ரப்பர் அடைப்பானைத் திறக்காமலே அளந்திருக்கிறேன். மூடியிருந்தால் உள்ளே இருக்கும் திரவம் வெளியே கசியாது, அது கசிய வேண்டிய நுண்துளைக்குள் சாறு புகுந்துவிடும், எண் நகர்ந்துகொண்டே போகும். அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கே போய்ச் சொன்னேன். அடைப்பான் எலக்ட்ரோடு நிறத்திலேயே இருப்பதால், திறந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து தெரியாது. சிவப்பில் செய்திருக்கக் கூடாதா?

வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிச் சூடான சாற்றில் விடாதீர்கள். அது எலக்ட்ரோடின் ஸ்லோப்பை மட்டும்தான் சரிசெய்யும். சூட்டில் சாற்றின் பிஎச்சே மாறுகிறதே, அதை ஒன்றும் செய்யாது. ஆறவைத்துத்தான் அளக்கிறோம்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? வேண்டாம் என்றேன். ஏழு வருடம் உழைத்த மீட்டர்தான், நாளைக்கும் அதில்தான் அளக்கப் போகிறேன். ஆனால் ஒரு மூடியை ஒழுங்காகச் செய்யாதவர்களுக்கு இன்னொரு முறை காசு கொடுக்க எனக்கு மனமில்லை. கேட்காமல் வாங்கினால், கூடவே ஒரு எலக்ட்ரோடும் வாங்கி வையுங்கள். அது எப்போது செய்தது என்று தேதியைப் பாருங்கள், அலமாரியில் கிடந்தாலும் வயதாகும். கழுத்தில் பாராஃபின் பட்டையைச் சுற்றிவிடுங்கள். நேற்று நானும் சுற்றிவிட்டேன், இன்னும் உப்புப் பூக்கவில்லை.